காய்வது வேறு, ஆறுவது வேறு

இந்த முறை தோட்டப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உருளைக்கிழங்கு விதையைப் பற்றியவை. அதிலும் நடுவதற்கு முன் வெட்டலாமா, எப்படி வெட்டுவது என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, போன பருவத்தில் நாலு கிலோ விதைக் கிழங்கு வாங்கினேன். ஒவ்வொன்றையும் நாலாக வெட்டி அன்றைக்கே நட்டுவிட்டேன். மறுநாள் பெரிய மழை. மூன்று வாரம் ஆகியும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளை வந்தது. தோண்டிப் பார்த்தால் மீதியெல்லாம் கூழாகிக் கிடந்தது. வெட்டியதுதான் தப்பா?

படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. ஆனால் வெட்டியது தப்பில்லை. வெட்டிய காயம் ஆறுவதற்குள் அது ஈர மண்ணுக்குள் போய்விட்டது, அதுதான் நடந்தது.

கிழங்குக்குத் தோல் என்பது வெறும் மூடி இல்லை. உள்ளே இருக்கும் தண்ணீரையும் மாவையும் காத்து, வெளியே இருக்கும் கிருமிகளைத் தள்ளிவைக்கும் சுவர் அது. கத்தி பட்டதும் அந்தச் சுவர் ஒரு பக்கம் இடிந்துவிடுகிறது. கிழங்கு உயிரோடு இருப்பதால் உடனே பழுதுபார்க்க ஆரம்பிக்கிறது. வெட்டுப்பட்ட முகத்தில் இருக்கும் செல்கள் தங்கள் சுவரில் சூபெரின் என்ற மெழுகு மாதிரிப் பொருளைப் படியவைக்கின்றன. தக்கை மரப்பட்டையில் இருப்பதும் இதே பொருள்தான். நல்ல சூழ்நிலை அமைந்தால் இரண்டு மூன்று நாளில் இந்த முதல் பூச்சு முடிந்துவிடும். அதற்கு அடியில் செல்கள் பிரிந்து புதுத் தோலே உருவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

இந்த வேலைக்குக் கிழங்கு மூன்றைக் கேட்கிறது: மிதமான குளிர்ச்சி, காற்றில் ஈரம், மூச்சுவிடக் காற்று. 10 முதல் 15 டிகிரி வரை உள்ள இடம் அருமை. 5 டிகிரிக்குக் கீழே போனால் வேலை நத்தை வேகம்தான். 20 டிகிரியைத் தாண்டினால் தோல் வேகமாகக் கட்டும், ஆனால் அழுகல் கிருமிகள் அதைவிட வேகமாகப் பெருகும். அதனால்தான் 12, 13 டிகிரி என்றால் எனக்குத் திருப்தி.

உங்கள் பாத்தியில் மழை பெய்து மண் சொதசொதவென்று ஆனபோது காற்று போய்விட்டது. காற்றில்லாமல் சூபெரின் படியாது. மென் அழுகலைக் கொண்டுவரும் பாக்டீரியாவுக்கோ காற்றில்லாத ஈரம்தான் கொண்டாட்டம். நீங்கள் பார்த்த கூழ் அதன் வேலை. மண் பொலபொலவென்று, கையில் பிடித்தால் லேசான ஈரத்தோடு, குளிர்ச்சியாக இருந்திருந்தால் அன்றே நட்டதும்கூட மண்ணுக்குள்ளேயே ஆறி முளைத்திருக்கும். பெரிய வயல்காரர்கள் காலையில் வெட்டி மாலைக்குள் நட்டு முடிக்கிறார்கள், அவர்களுக்கு வருகிறது. ஆனால் அது மண்ணையும் வானத்தையும் நம்பிச் செய்கிற வேலை. வீட்டுத் தோட்டத்தில் எண்பது துண்டு நடுகிற நமக்கு அந்த அவசரம் எதற்கு?

நான் தோட்டம் போட ஆரம்பித்த இரண்டாவது வருடம் ஆறு கிலோவை ஒரே மூச்சில் வெட்டினேன். இருட்டிவிட்டது. காலையில் நட்டுக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் ஒரு பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டிவைத்தேன். மறுநாள் வீட்டில் வேறு வேலை வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் பையை அவிழ்த்துக் கையை விட்டால் உள்ளே சூடு. கிழங்கும் மூச்சுவிடுகிறது அல்லவா, அந்தச் சூடு வெளியேற வழியில்லை. துண்டுகள் ஒன்றோடொன்று வழவழவென்று ஒட்டிக்கொண்டு, மீன் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வாடை. ஒன்றுகூடத் தேறவில்லை. என் மாமியார் வந்து பார்த்துவிட்டு, "காயம் பட்ட இடத்தைப் பிளாஸ்டிக் போட்டுக் கட்டினா சீழ் பிடிக்காம என்ன செய்யும்மா?" என்றார். அன்றிலிருந்து வெட்டிய கிழங்கைக் காயம்பட்ட உயிராகத்தான் பார்க்கிறேன்.

இப்போது நான் செய்வது இதுதான். குளிர் அறையிலிருந்து வந்த கிழங்கை உடனே வெட்டுவதில்லை. ஒரு வாரம் வெளியே வைத்து அதன் குளிர் விடட்டும் என்று காத்திருப்பேன். சில்லென்று இருக்கும் கிழங்கு கத்தி பட்டால் விரிசல் விடும், காயமும் சீக்கிரம் ஆறாது. அப்புறம் வெட்டியதை அடி ஓட்டையுள்ள தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புவேன். வெட்டு முகம் மேலே பார்த்தபடி. வெயில் படாத, காற்று மெல்ல நடமாடும் மூலை. தட்டுக்குச் சற்று மேலே, கிழங்கைத் தொடாதபடி, நன்றாகப் பிழிந்த ஈரக் கோணியைத் தொங்கவிடுவேன். நாலைந்து நாள் அப்படியே இருக்கும்.

தயாராகிவிட்டதா என்பதை விரலே சொல்லிவிடும். முதல் நாள் தொட்டால் பிசுபிசுக்கும், விரலில் வெள்ளையாக மாவு ஒட்டும். மூன்றாம் நாள் பளபளப்பு போய் மங்கலாக இருக்கும். ஐந்தாம் நாள் கட்டைவிரலால் தேய்த்தால் மெல்லிய தோல் பர்ஸைத் தடவுவது போல இருக்கும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் ஒரு மெல்லிய ஏடு சுருண்டு வரும். அந்த ஏடு வந்துவிட்டால் மழையைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம்.

கேள்வி: வெட்டிய துண்டுகளை நல்ல வெயிலில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடாதா?

முடியாது. முக்கியமான கேள்வி இது, ஏனென்றால் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். காய்வது வேறு, ஆறுவது வேறு. வெயிலில் வைத்தால் மேற்பரப்பில் இருக்கும் செல்கள் தண்ணீரை இழந்து செத்துப்போகும். பார்க்க வறண்டு, தயாரானது போலவே இருக்கும். ஆனால் சூபெரினைப் படியவைக்க வேண்டிய செல்களே அவைதான். அவை செத்துவிட்டால் வெறும் காய்ந்த ஓடுதான் மிஞ்சும். ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு, நடுவில் வெடிப்பு விட்டிருக்கும். அந்த வெடிப்புக்குள் குத்திப் பாருங்கள், பச்சைக் காயம் அப்படியே இருக்கும். மண்ணுக்குள் போனதும் ஓடு ஊறிக் கழன்றுவிடும். மின்விசிறியை நேராக வைப்பதும் இதே கதைதான்.

கேள்வி: நீளவாக்கில் வெட்டுவதா, குறுக்கேயா? ஒரு துண்டில் எத்தனை கண் வேண்டும்?

வெட்டுவதற்கு முன் ஒரு கிழங்கைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் உருட்டிப் பாருங்கள். உருளைக்கிழங்கு வேர் இல்லை, மண்ணுக்குள் வீங்கிய தண்டு. ஒரு முனையில் சிறு குழியோ காம்புத் துணுக்கோ தெரியும். தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த இடம் அது. அந்தப் பக்கம் கண்கள், அதாவது முளை கிளம்பும் சிறு பள்ளங்கள், தள்ளித் தள்ளி இருக்கும். எதிர் முனைக்குப் போகப் போக நெருங்கி, நுனியில் ஒரே கூட்டமாக இருக்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு புருவம் உண்டு, வளைந்த கோடு மாதிரி. தண்டில் இலை இருந்திருக்க வேண்டிய இடம் அது. பல் குத்தும் குச்சிகளை ஒவ்வொரு கண்ணிலும் குத்தி, காம்பு முனையிலிருந்து நுனிவரை ஒரு நூலைக் குச்சிகளில் சுற்றிக்கொண்டே போங்கள். நூல் சுருளாக ஏறுவதைப் பார்ப்பீர்கள். செடியின் தண்டில் இலைகள் சுற்றி ஏறும் அதே ஒழுங்கு. முதல்முறை பார்த்தபோது வெட்டவே மனம் வராமல் அந்தக் கிழங்கைத் தனியாக எடுத்துவைத்தேன்.

நுனிக்கண் தான் முதலில் முளைக்கும். அது மற்ற கண்களைத் தலைதூக்க விடாது. வெட்டினால் அந்த அதிகாரம் போய்விடும், பின்பக்கக் கண்களும் விழித்துக்கொள்ளும். வெட்டுவதில் இருக்கும் ஒரு நன்மை இது.

துண்டில் இரண்டு கண்ணாவது இருக்கட்டும். ஒன்று குருடாகிப் போனாலும் இன்னொன்று காப்பாற்றும். ஆனால் கண்ணை எண்ணுவதைவிட எடையைப் பாருங்கள் என்பதுதான் என் பேச்சு. வேர் விட்டு இலை விரியும்வரை அந்த இளஞ்செடிக்குச் சாப்பாடு துண்டில் உள்ள மாவுதான். துண்டுக்கு 50 கிராம் என்பது நல்ல கணக்கு. 40-க்குக் கீழே போக வேண்டாம், 60-க்கு மேல் போனால் விதை வீண். ஒரு கோழிமுட்டை எடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்துத் துண்டை மட்டும் தராசில் வைத்துப் பாருங்கள், அப்புறம் கைக்கே பழகிவிடும்.

முட்டை அளவுக் கிழங்கை வெட்டாதீர்கள், முழுசாகவே நடுங்கள். 70 கிராம் இருந்தாலும் முழுசாக நடத்தான் சொல்வேன். 100 கிராம் கிழங்கை நுனியிலிருந்து காம்புவரை நீளவாக்கில் இரண்டாக்கினால் இரண்டு பக்கத்துக்கும் நுனிக்கண்களில் பங்கு கிடைக்கும். 150 கிராம் என்றால் காம்புப் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் குறுக்கே வெட்டி, மீதியை நீளவாக்கில் பிளக்கலாம். காம்புத் துண்டில் கண் இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். கண்ணே இல்லாத துண்டு பல தடவை அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

துண்டு கட்டையாக, கனசதுரம் போல இருக்கவேண்டும். சிப்ஸுக்குச் சீவுவது போலத் தட்டையாக வேண்டாம். தட்டைத் துண்டுக்குக் காயம் பெரிது, சாப்பாடு குறைவு. முடிந்தவரை ஒரு துண்டில் ஒரு வெட்டு முகம், மிஞ்சிப் போனால் இரண்டு.

கேள்வி: வெட்டிய முகத்தில் அடுப்புச் சாம்பல் தடவச் சொல்கிறார்கள். தடவலாமா?

பல வருடம் தடவியிருக்கிறேன். இப்போது விட்டுவிட்டேன். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், துண்டுகள் ஒட்டிக்கொள்ளாது, அது உண்மை. ஆனால் மேலே சொன்னதுதான் இங்கேயும்: சாம்பல் காயவைக்கும், ஆறவைக்காது. கனமாகப் பூசினால் முகம் வெடிக்கிறது. இன்னொரு சங்கடம், சாம்பலுக்குக் காரத்தன்மை அதிகம். உருளையின் சொறி நோய்க்குக் காரமான மண்தான் பிடிக்கும். அமிலம் தூக்கலான மண்ணில், அமில காரக் குறியீடு 5.2-க்குக் கீழே இருக்கும்போது, அது அடங்கிக் கிடக்கும். விதையைச் சுற்றியே காரத்தைச் சேர்ப்பானேன்? அவசரமாக நட்டே ஆகவேண்டிய நாளில் பிசுபிசுப்புப் போக மெலிதாக ஒரு தூவல் போதும். நாலு நாள் கையில் இருந்தால் ஒன்றுமே வேண்டாம்.

கேள்வி: ஒவ்வொரு கிழங்குக்கும் கத்தியைக் கழுவ வேண்டும் என்று படித்தேன். அவ்வளவு அவசியமா?

அவசியம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு கிழங்கில் நோய் இருந்தால் அதன் சாறு கத்தியில் ஒட்டி அடுத்த பத்துக் கிழங்குக்குப் போய்விடும். வளைய அழுகல், பழுப்பு அழுகல், கருங்கால் நோய் எல்லாமே இப்படிப் பரவக்கூடிய பாக்டீரியா நோய்கள். போட்டேட்டோ வைரஸ் எக்ஸ் என்ற வைரஸும் சாறு வழியாகவே தொற்றும். இலைச்சுருட்டு வைரஸ் மட்டும் கத்தியில் வராது, அதைக் கொண்டுவருவது அசுவினி. ஆனால் எந்தக் கிழங்கில் எது இருக்கிறது என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியாதே.

என்னிடம் இரண்டு கத்தி உண்டு. ஒன்று வேலை செய்யும்போது இன்னொன்று ஜாடியில் ஊறும். ஜாடியில் 70 சதவீத ஆல்கஹால். வீட்டில் வெளுப்பு திரவம்தான் இருக்கிறது என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இரும்பை அரிக்கும், அதனால் வேலை முடிந்ததும் கத்தியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். மண் ஒட்டிய கத்தியை அப்படியே முக்கிப் பலனில்லை. முதலில் துடைத்துவிட்டு முக்குங்கள். கத்தி கூராகவும் இருக்கட்டும். மழுங்கிய கத்தி செல்களை நசுக்கும், நசுங்கிய இடம் ஆறாது.

வெட்டும்போது ஒவ்வொரு முகத்தையும் பாருங்கள். தோலுக்குச் சற்று உள்ளே ஒரு மெல்லிய வளையம் ஓடுவது தெரியும், சாறு ஓடும் குழாய்கள் அவை. ஒரு தடவை எனக்கு அந்த வளையம் வெளிர் பழுப்பாக இருந்த கிழங்கு ஒன்று வந்தது. வெளித்தோலில் ஒரு குறையும் இல்லை, தட்டிலேயே அழகான கிழங்கு அதுதான். இரண்டு விரலால் அமுக்கினேன். வளையத்திலிருந்து பாலாடை மாதிரி ஒன்று துளித்துளியாகப் பிதுங்கியது. அந்தக் கிழங்கைத் தனியே கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, கையையும் பலகையையும் இரண்டு கத்தியையும் கழுவிய பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன். அந்த மாதிரிக் கிழங்கை உரக்குழியில் போடவே போடாதீர்கள். தோலுக்கு அடியில் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்புத் திட்டு தெரிந்தாலும் அதே கதிதான். பின்கருகல் நோயாக இருக்கலாம். 1845-ல் அயர்லாந்தின் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்தைத் தொடக்கிவைத்த நோய் அது. ஒரு பருவத்திலிருந்து அடுத்ததற்கு அந்தக் கிருமி போவது பெரும்பாலும் இப்படிக் கிழங்குக்குள் ஒளிந்துதான்.

கேள்வி: சமையலுக்கு வாங்கிய உருளையில் முளை வந்திருக்கிறது. அதையே வெட்டி நடலாமா?

முளை வந்திருந்தால் செடியும் வரும். ஆனால் அது விதைக்கென்று நோய் பார்த்து வளர்த்த கிழங்கு இல்லை. ஒரு தொட்டியில் ஆசைக்கு நடுங்கள், தோட்டத்து மண்ணில் வேண்டாம் என்பேன். மாதக்கணக்கில் முளையே வராமல் கிடக்கும் கிழங்கு, முளைக்காமலிருக்க மருந்து போட்டதாக இருக்கலாம். அதை வெட்டிப் பயனில்லை. அப்புறம், வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கை விதைக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், சாப்பிடத்தான் கூடாது.

கேள்வி: இருட்டில் மறந்துவிட்ட மூட்டையில் கிழங்கெல்லாம் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளை முளை விட்டுச் சுருங்கிவிட்டது. வெட்டலாமா?

வேண்டாம். சுருங்கித் தளர்ந்த கிழங்குக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். காயத்தை ஆற்றும் தெம்பு அதற்கு இருக்காது. அந்த வெள்ளை முளைகளும் கை பட்டாலே ஒடியும். அவற்றை ஒடித்துவிட்டு, கிழங்கை முழுசாக வெளிச்சமான, வெயில் விழாத இடத்தில் இரண்டு வாரம் பரப்பிவையுங்கள். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குட்டையாக, தடியாக, பச்சையோ ஊதாவோ கலந்த முளை வந்தால் அப்படியே நடுங்கள். நூல் மாதிரி மெலிந்த முளை வந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நடும்போது வெட்டுமுகம் கீழேயா, மேலேயா?

கண் மேலே. ஆறிய துண்டு என்றால் தலைகீழாக விழுந்தாலும் முளை தானே வளைந்து மேலே வரும், சில நாள் தாமதமாகும், அவ்வளவுதான். ஆழம் 10 சென்டிமீட்டர், துண்டுக்குத் துண்டு 30 சென்டிமீட்டர்.

கேள்வி: எங்கள் அப்பா எந்தக் கிழங்கையும் வெட்டவே விடமாட்டார். முழுக்கிழங்கு நட்டால்தான் விளைச்சல் என்கிறார். நானோ பாதி விதை மிச்சமாகுமே என்கிறேன். யார் சொல்வது சரி அக்கா?

உங்கள் அப்பா சொல்வதில் நிறைய விஷயம் இருக்கிறது தம்பி. முழுக்கிழங்குக்குக் காயமே இல்லை, அழுகும் பயம் மிகக் குறைவு. கண்கள் அதிகம், அதனால் ஒரு குழியிலிருந்து நாலைந்து தண்டு வரும். தண்டு அதிகமானால் கிழங்கின் எண்ணிக்கையும் அதிகம், ஆனால் ஒவ்வொன்றும் சிறிது. வெட்டிய துண்டிலிருந்து இரண்டு மூன்று தண்டுதான் வரும், கிழங்கு குறைவாக இருந்தாலும் பெரிதாகத் திரளும். உங்கள் வீட்டுக்கு எது வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மண் சூடாக இருக்கும் பருவம், ஈரம் வடியாத நிலம், 15 டிகிரிக்குக் குளிர்ந்த மூலையே கிடைக்காத வீடு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்பா பக்கம்தான் நான். சின்னக் கிழங்காகக் கேட்டு வாங்கி முழுசாக நடுங்கள். பெரிய கிழங்குதான் கிடைத்தது, காலமும் குளிர்ச்சியாக இருக்கிறது என்றால் தைரியமாக வெட்டுங்கள்.

அப்பாவைச் சம்மதிக்கவைக்க ஒரு வழி சொல்கிறேன். கிழங்கை முழுசாகப் பிரிக்காமல், அடியில் ஒரு விரற்கடை ஒட்டியிருக்கும்படி வெட்டி, இரண்டு பாதியையும் மூடி அப்படியே வைத்துவிடுங்கள். முகம் முகத்தைப் பார்த்தபடி இருப்பதால் ஈரம் போகாது, கோணி வேலையும் மிச்சம். ஐந்தாறு நாள் கழித்து நடும் அன்று கையால் பிரித்து, உள்முகத்தை அவரிடம் காட்டுங்கள். தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டியிருந்த அந்த விரற்கடை மட்டும்தான் பச்சையாக இருக்கும். இந்தப் பருவம் ஒரு பார் முழுக்கிழங்கு, பக்கத்துப் பார் வெட்டியது என்று நட்டு, தோண்டும் நாளில் இரண்டையும் தனித்தனியாக எடைபோட்டு எனக்கு எழுதுங்கள். அப்பா என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.